மச்சினனுக்கு மட்டும் சொன்னால் போதுமா?

கேள்வி: நான் ஒரு ரசாயன ஆலையின் கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். சில மாதங்களாக என் ஸ்டேஷன், அதாவது ஆலையைப் பார்த்து இயக்கும் கம்ப்யூட்டர், திடீர் திடீரென்று ஹேங் ஆகிவிடுகிறது. மவுஸ் நகராது, கீபோர்டு வேலை செய்யாது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொன்னேன். "ஆடிட் வருது, லாக் புக்குல எழுதாதே" என்றார். சிஸ்டம் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆளைக் கூப்பிட்டால் செலவாம். அதே சீட்டில் வேறொரு ஷிஃப்டில் என் மனைவியின் தம்பி உட்காருகிறான். அவனிடம் மட்டும், "ராத்திரியில ஸ்கிரீனை நம்பாதே, ஃபீல்டு ஆளை அனுப்பி கேஜைப் பார்க்கச் சொல்லு" என்று சொல்லி வைத்திருக்கிறேன் (கேஜ் என்பது டேங்கிலேயே, குழாயிலேயே பொருத்திய அளவுமானி). எனக்குத் தூக்கமே வருவதில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள். வேலையை விட்டுவிடலாமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: தம்பி, கடனையும் தூக்கத்தையும் பிறகு பேசலாம். மச்சினனிடம் மட்டும் சொல்லி வைத்திருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபின் மற்றதெல்லாம் என் மனதில் நிற்கவில்லை.

ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அவனை எச்சரித்திருக்க மாட்டீர்கள். அந்த சீட்டில் உட்காரும் மற்ற ஆபரேட்டர்களுக்கு அக்கா, தங்கை இல்லையா? அவர்கள் வீட்டிலும் ஒருத்தி டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருக்கிறாள். உறவைக் காப்பது கடமை என்று இந்தப் பக்கத்தில் ஓயாமல் எழுதுகிறவள் நான். அதே வாயால் சொல்கிறேன்: ஷிஃப்டை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்கிறவன் எவனோ, அவனும் உங்கள் பொறுப்பில் இருக்கும் பிள்ளைதான். அவனைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள்.

ஸ்கிரீன் கறுத்துப்போனால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஹேங் ஆன ஸ்கிரீன் கறுப்பதில்லையே! டேங்க் லெவல் 62 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தால் 62-லேயே நிற்கும். ஓடுகிற பம்ப் ஓடுகிற நிறத்திலேயே இருக்கும். புது அலாரம் ஒன்றும் வராது. மூலையில் கடிகாரம் நின்றுபோயிருப்பதைப் பார்த்தால்தான் உண்டு. கன்ட்ரோலர் என்ற தனிக் கருவி தன்பாட்டில் வால்வை இயக்கிக்கொண்டிருக்கும், ஆபத்து வந்தால் ஓட்டத்தைத் தானாக நிறுத்தும் ட்ரிப் இன்டர்லாக் தனியாக இருக்கும், அதனால் இதுவரை தப்பித்தீர்கள். விஷயம் தெரியாதவர் அந்த நேரத்தில், பிளான்ட் இன்று அமைதியாக ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இதுதான் நடந்தது. ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் மதியம் 2.14-க்கு அலாரம் புரோகிராம் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. 2.41-க்கு மெயின் சர்வர் விழுந்தது, 2.54-க்கு பேக்கப் சர்வரும் விழுந்தது. ஸ்கிரீன் புதுப்பிக்க 59 விநாடி வரை பிடித்தது. சர்வர் விழுந்தது கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தெரியும், ரீஸ்டார்ட்டும் செய்தார்கள். அலாரம் வருகிறதா என்று ஆபரேட்டர்களிடம் கேட்கவும் இல்லை, இப்படி ஆகிவிட்டது என்று சொல்லவும் இல்லை. அலாரம் இல்லை என்பதால் மின் லைன்கள் நன்றாக இருப்பதாக ஆபரேட்டர்கள் நம்பினார்கள். வெளியிலிருந்து போன் வந்தும் ஸ்கிரீனைத்தான் நம்பினார்கள். மாலை நாலேகாலுக்குள் 5 கோடிப் பேருக்குக் கரண்ட் போய்விட்டது. தெரிந்தவன் ஒரு அறையில், தெரியாதவன் இன்னொரு அறையில். உங்கள் ஆலையில் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்காருகிறீர்கள்.

அதற்கு முன்பு, 1999 ஜூன் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில், ஒரு பெட்ரோல் குழாயை இயக்கிய கம்ப்யூட்டர் ஆபரேட்டரின் கட்டளைக்குப் பதில் சொல்லாமல் முடங்கியது. பழைய தோண்டலில் ஏற்கெனவே அடிபட்டிருந்த குழாய், அழுத்தம் ஏறி உடைந்தது. கம்ப்யூட்டர் ஒழுங்காக இருந்திருந்தால் ஆபரேட்டர் தடுத்திருக்கக்கூடும் என்று விசாரணை சொன்னது. ஓடையில் இறங்கிய பெட்ரோலின் ஆவியில் மயங்கி 18 வயது இளைஞன் ஒருவன் மூழ்கிச் செத்தான்; பிறகு அது பற்றிக்கொள்ள, 10 வயதுப் பையன்கள் இருவர் செத்தார்கள். கன்ட்ரோல் ரூம் ஆட்களுக்கு அவர்கள் என்ன உறவு?

உங்கள் இன்சார்ஜ் ஆடிட்டுக்குப் பயப்படுகிறார். அது அவர் பாடு. லாக் புக் அவருடைய சொந்தச் சொத்தல்ல. ஹேங் ஆனதை அதில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் திறந்திருந்தது, கடிகாரம் நின்றதா, பக்கத்து ஸ்டேஷன் ஓடியதா, எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்தது. இனி ஹேங் ஆனால் உடனே பவர் பட்டனுக்குக் கையை நீட்டாதீர்கள். முதலில் பக்கத்து ஸ்டேஷனுக்கு மாறுங்கள், ஃபீல்டு ஆளை கேஜ் முன்னால் நிறுத்துங்கள், உறைந்த ஸ்கிரீனை இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் வந்து பார்க்கட்டும். ரீஸ்டார்ட் செய்தால் தடயத்தில் பாதி போய்விடும். நீங்களாக எந்த அப்டேட்டும் போட வேண்டாம், பென் டிரைவ் செருகவும் வேண்டாம்.

செலவு என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். சிஸ்டம் கொடுத்த கம்பெனிக்கு, அதாவது வெண்டாருக்கு, எழுத்தில் புகார் போக வேண்டும், புகார் எண் வாங்க வேண்டும், சிஸ்டம் தானாகப் பதிந்து வைக்கும் ஈவென்ட் லாகும் வெர்ஷன் எண்ணும் கூடவே போக வேண்டும். ஒஹாயோவில் அலாரத்தை நிறுத்திய பிழை, சிஸ்டம் செய்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. வாரக்கணக்கில் புரோகிராம் வரிகளைத் துழாவித்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அதே சிஸ்டம் வைத்திருந்த மற்றவர்களுக்கும் திருத்தம் போனது. உங்கள் ஸ்டேஷனில் இருக்கும் கோளாறு வேறு ஊரில், வேறு ஆலையிலும் இருக்கலாம். நீங்கள் வாயை மூடினால் அவர்களுக்கும் தெரியாது.

இன்சார்ஜ் மறுத்தால் பாதுகாப்புக் குழுவில் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்று நியாயமாகப் பயந்தால், அதை நிர்வாகத்திடமும் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் சொல்லும் உரிமையை, போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்தார்கள். யாரும் போட்ட பிச்சையல்ல அது. அத்தனை பேர் செத்து வந்தது.

வேலையை விடலாமா என்கிறீர்கள். நீங்கள் போனால் அந்த நாற்காலியும் அங்கேதான் இருக்கும், உங்கள் மனைவியின் தம்பியும் அங்கேதான் இருப்பான். எல்லா ஷிஃப்டுக்கும் தெரிந்து, வெண்டாருக்கும் புகார் போய், அப்போதும் நிர்வாகம் அசையவில்லை என்றால் மறுபடி எனக்கு எழுதுங்கள். வேலையை விடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.