மாத்திரை போட்டேனா, இல்லையா? வலிப்பும் மறதியும்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியில் படிக்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. எனக்கு இடது பொட்டு மடலில், அதாவது காதுக்கு உட்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்குகிற வகை. மறதியும் அதோடு சேர்ந்தே வந்தது. நான் டாக்டர் இல்லை. அதனால் மாத்திரை அளவைக் கூட்டவா குறைக்கவா என்று மட்டும் கேட்காதீர்கள். மற்ற எதையும் கேட்கலாம்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி: வீட்டுக்காரருக்கு ஃபிட்ஸ் நின்னு ரொம்ப நாளாச்சு. ஆனா மறதி அதிகமாயிருச்சு. மண்டிக்கு எத்தனை பெட்டி தக்காளி போட்டோம்னு கேட்டா முழிக்கிறார். மாத்திரையாலதானே? நிறுத்திப் பார்க்கலாமா?

நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஃபிட்ஸ் இல்லாமல் இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

மாத்திரைக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பீனோபார்பிட்டோன் சிலரை மந்தமாக்கும். டோபிராமேட் சாப்பிடும் சிலருக்குத் தெரிந்த வார்த்தைகூட வாயில் வராது. இரண்டு மூன்று மாத்திரைகள் சேரும்போதும், அளவு கூடும்போதும் இது தெரியும். மாற்று மாத்திரைகள் உண்டு, ஆனால் மாற்ற வேண்டியவர் டாக்டர். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை எல்லாமே மறதியைக் கொண்டுவரும். முதல் இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம்.

டாக்டரிடம் போய் "ஞாபக மறதி அதிகமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஓபி வரிசையில் நமக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம். எந்த மறதி என்று சொல்லுங்கள். சொன்னது காதிலேயே ஏறவில்லையா? ஏறி, மறுநாள் இல்லையா? தெரிந்த பெயர் வாயில் வரவில்லையா? பழைய விஷயங்கள், போன வருஷத்து விசேஷம், அதெல்லாம் போகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, நேரம், எதை மறந்தார், அன்று எவ்வளவு தூங்கினார் என்று எழுதுங்கள். மாத்திரை மாற்றிய பிறகு மறதி கூடியதா என்பதையும் குறியுங்கள். அந்த நோட்டோடு தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒசூரிலிருந்து ஒரு தம்பி: அக்கா, கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஃபிட்ஸ் வந்தா அன்னிக்குக் காலையில நடந்ததுகூட அழிஞ்சிடுது. அது திரும்ப வருமா?

பெரும்பாலும் வராது தம்பி. மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று சின்னதாக ஒரு பகுதி இருக்கிறது. இன்று நடந்ததை நிலைக்கும்படி பதிய வைப்பது அதன் வேலை. பொட்டு மடல் வலிப்பு பல நேரம் அங்கேதான் கிளம்பும். பூசிய சிமெண்ட் காய்வதற்குள் மாடு மிதித்த கதைதான். வலிப்புக்குச் சற்று முன்னால் நடந்தது பதிந்து முடியவில்லை, அதனால் தேடினாலும் கிடைக்காது. வலிப்பு நின்ற பிறகும் சில மணி நேரம், சிலருக்கு ஒருநாள்கூட, குழப்பம் இருக்கும். அந்த நேரத்தில் பணம் கொடுப்பது, கையெழுத்துப் போடுவது எதுவும் வேண்டாம்.

எனக்கு உங்கள் நைட் ஷிஃப்ட்தான் உறுத்துகிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். அன்றைய நினைவுகள் பதிவதற்கும் தூக்கம் வேண்டும், ஆக அடி இரண்டு பக்கமும் விழுகிறது. பகல் ஷிஃப்ட் மட்டும் போதும் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி ஹெச்ஆரிடம் கொடுங்கள். மெஷினில் நிற்கிறவர் என்றால் மறைப்பது உங்களுக்குத்தான் ஆபத்து. ரூமில் இருக்கும் பையன்களிடமும் சொல்லி வையுங்கள்: ஒருபக்கமாகப் படுக்க வைக்கணும், வாயில் எதுவும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் எந்தப் பிரயோசனமும் இல்லை.

அரூரிலிருந்து ஒரு அம்மா: பொண்ணு ஏழாவது படிக்கிறா. சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சு. இப்ப கீழே விழறதில்ல. ஆனா பாடம் நிக்கல, கனவு கண்டுட்டே இருக்கான்னு டீச்சர் சொல்றாங்க.

அவளுடைய டிக்டேஷன் நோட்டைப் பாருங்கள். வரியின் நடுவில் இரண்டு மூன்று வார்த்தைகள் விட்டுப்போய், அதற்கப்புறம் ஒழுங்காகத் தொடர்கிறதா? எழுத்து திடீரென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறதா? அப்படியானால் அது மறதியாக இல்லாமல் இருக்கலாம். சில நொடி மட்டும் நினைவு தப்புகிற வலிப்பு ஒன்று உண்டு. பிள்ளை பேச்சை நிறுத்தி வெறித்துப் பார்க்கும், இமை துடிக்கும், உடனே பழையபடி ஆகிவிடும். ஒரு நாளில் பல தடவை வரலாம். டீச்சர் சொன்னது அந்த நொடியில் காதுக்குள்ளேயே போகவில்லை, பிறகு எப்படி நிற்கும்? திட்டி என்ன பயன்?

அடுத்த முறை போனில் வீடியோ எடுங்கள். அதோடு டாக்டரைப் பாருங்கள், ஈஈஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை, எடுக்கச் சொல்வார். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. ஒருவேளை அது இல்லையென்றாலும் பாடம் ஏன் நிற்கவில்லை என்று பார்க்கத்தான் வேண்டும். முடிவு தெரியும் வரை கிணற்றிலும் ஏரியிலும் தனியாகக் குளிக்க விடாதீர்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒரு பட்டுக்கூடு விவசாயி: மாத்திரை போட்டேனான்னே ஞாபகம் இல்லாம ரெண்டாவது தடவை போட்டுடறேன்மா.

அண்ணா, இதற்கு மூளையை நம்பவே வேண்டாம். மருந்துக்கடையில் ஏழு நாளுக்கும் காலை, ராத்திரி என்று அறை பிரித்த டப்பா விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்க நிரப்புங்கள். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. டப்பா கிடைக்கவில்லையென்றால் அட்டையின் பின்புறம் பேனாவால் தேதி எழுதினாலும் போதும்.

நேரத்தை ஏற்கெனவே விடாமல் செய்கிற வேலையோடு கட்டிப் போடுங்கள். புழுவுக்குக் காலையில் தழை போட மறக்க மாட்டீர்கள். தழைக்கூடையை எடுக்கும் முன் மாத்திரை. ஒருவேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம், ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. உங்கள் மாத்திரைக்கு எத்தனை மணி நேரம் வரை போடலாம் என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர்: வல்லாரை லேகியம் சாப்பிட்டா ஞாபக சக்தி வருமா?

துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். லேகியம், மாத்திரை என்றால் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு அண்ணன்: மூணு மாத்திரை மாத்தியும் ஃபிட்ஸ் நிக்கல. பெங்களூர்ல ஆபரேஷன் சொல்றாங்க. பண்ணினா நினைவே போயிடும்னு பயமுறுத்தறாங்க.

அந்தப் பயத்துக்குப் பின்னால் உண்மைக் கதை இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலாய்சன் என்பவருக்கு வலிப்பை நிறுத்த இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் பெருமளவு எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு 2008இல் சாகும்வரை புதிதாக நடந்த எதுவும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. அதிலிருந்து கற்றுக்கொண்டதால்தான் இன்று ஒரு பக்கம் மட்டும் தொடுகிறார்கள். அதற்கும் முன்னால் நினைவாற்றல் சோதனை வைத்து, மறுபக்கம் தாங்குமா என்று பார்க்கிறார்கள். பெங்களூரில் மூளை, மனநலத்துக்கான நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனைகள் உண்டு.

இடது பக்கம் என்றால் பெயர், வார்த்தை நினைவு குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் வலிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாலும் நினைவு தேயத்தான் செய்யும். டாக்டரிடம் "ஆபத்து இருக்கா" என்று கேட்காதீர்கள். "என் சோதனையில் எந்தப் பக்கம் பலமா இருக்கு, எனக்கு எது குறையும்" என்று கேளுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தங்கை: கல்யாணத்துக்கு முன்னாடியே வலிப்பைச் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தாங்க. இப்ப அத்தை, வேணும்னே மறக்கறேன்னு சொல்றாங்க. அழுகையா வருது.

முன்னாலேயே சொன்னது நல்லது. 1999இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி, வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் வழியையும் எடுத்துவிட்டார்கள். யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள். நாம் நூறு தடவை சொல்வதை டாக்டர் ஒரு தடவை சொன்னால் ஏறும். வீட்டில், "அடுப்பைப் பாரு, பாலை எடு, மாமாவுக்குப் போன் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் எனக்கும் நிற்காது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். தினசரி காலண்டர் தாளில் அன்றைய வேலையை எழுதி, முடிந்ததை அடியுங்கள். அடுப்பு பற்ற வைத்தால் போனில் அலாரம். அழுகை வாரக்கணக்கில் போகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மனச்சோர்வு மறதியை இரட்டிப்பாக்கும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அதே தங்கை: நீங்க எப்படிக்கா கணக்கு எழுதறீங்க?

சீசனில் மாங்காய் லோடு வரிசையாக வந்து நிற்கும். எடை ஸ்லிப் கைக்கு வந்ததும் நோட்டில் ஏற்றிவிட்டுத்தான் அடுத்த டிரைவரிடம் பேசுவேன். "அக்கா, சீக்கிரம்" என்று கத்துவார்கள். கத்தட்டும்.