கால் எரிச்சலுக்கு மின்தூண்டல்: எதை, எப்போது?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது, நெடுநாளாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிவதால் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுக்கிறார். நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது. கடையில் விற்கும் மின்தூண்டல் கருவியை வாங்கலாமா, முதுகில் பொருத்துவதுதான் நல்லதா?

பதில்: நீங்கள் கேட்பவை முற்றிலும் வெவ்வேறு சிகிச்சைகள். கடையில் கிடைக்கும் டென்ஸ் கருவி, தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாக மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்துகிறது. சிலருக்கு ஓரளவு நிவாரணம் கிடைக்கும். ஆனால் வாங்குவதற்கு முன், தாயாரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தைப் பஞ்சால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயால் நரம்பு பழுதடைந்து பாதம் எரியும்போது, அதே பாதத்தில் தொடு உணர்வு மங்கியிருப்பதும் வழக்கம். அப்படி மரத்துப்போன இடத்தில் பட்டையை ஒட்டினால் தோல் சிவந்து புண்ணாவதுகூட அவருக்குத் தெரியாது. சர்க்கரை நோயாளியின் காலில் அப்படியொரு புண் வரவே கூடாது என்பதுதான் என் முதல் கவலை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இக்கருவியைத் தொடக் கூடாது.

முதுகில் பொருத்துவது தண்டுவட மின்தூண்டல். தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்தி, அவற்றை இயக்கும் பேட்டரியைத் தோலுக்கடியில் பதிப்பார்கள். நொடிக்கு 10,000 துடிப்புகள் தரும் இத்தகைய கருவிக்கு, சர்க்கரை நோய் நரம்பு வலிக்கென்றே அமெரிக்காவில் 2021இல் ஒப்புதல் கிடைத்தது. மருந்துக்கு வலி அடங்காத 216 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதங்களில் நரம்புப் பாதிப்பு மோசமாகாமல் வலி பாதியாவது குறைந்தவர்கள், கருவி பெற்றவர்களில் 79 சதவீதம், மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் 5 சதவீதம். மின்துடிப்பு தராத போலிக் கருவியோடு ஒப்பிடாத ஆய்வு என்பதால் இந்த இடைவெளியை நான் சற்றுக் குறைத்தே மதிப்பிடுகிறேன். ஆயினும் புறந்தள்ளக்கூடிய பலன் அன்று. இது வலியை அடக்குகிறதே தவிர, பழுதுபட்ட நரம்பைச் சீராக்கும் என்று நம்பிச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட முடியாது. கிருமித்தொற்று, கம்பி இடம் நகர்தல் போன்ற சிக்கல்களும் உண்டு.

உங்கள் தாயார் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை என்றே கருதுகிறேன். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் மருந்துகளே தீர்ந்துவிட்டதாகாது. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துப் பிரிகாபலின் அளவைக் குறைக்கலாம். டுலாக்ஸெடின் போன்ற வேறு மருந்துக்கு மாறலாம். பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரானால், வைட்டமின் பி12 அளவையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் பாதம் எரியும்.

இவையெல்லாம் பலிக்காமல் தண்டுவடத் தூண்டலுக்குச் செல்ல நேர்ந்தால், முதலில் பேட்டரியை உடலுக்கு வெளியே வைத்துச் சுமார் ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பார்கள். அந்நாட்களில் அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார், ஈரத்துணி தேவைப்பட்டதா என்று தினமும் குறித்து வையுங்கள். வலி பாதியாவது குறையவில்லையென்றால், கம்பிகளை எடுத்துவிடச் சொல்லத் தயங்காதீர்கள்.