ஆக்சுவரி என்பவர் யார்? மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு ஏன் வெளி நிபுணரைத் தேடுகிறது?

ஒரு பெரிய கூட்டத்தில் வருடத்துக்கு எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்வார்கள், என்ன செலவாகும் என்று பழைய கணக்குகளை வைத்து மதிப்பிடுபவர்தான் ஆக்சுவரி.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. எல்லாரும் 5 லட்சத்தையும் செலவழிக்க மாட்டார்கள். பெரும்பாலான குடும்பங்களில் அந்த வருடம் யாரும் ஆஸ்பத்திரியில் சேர மாட்டார்கள். அப்படியானால் ஒரு குடும்பத்துக்காக அரசு காப்பீட்டுக் கம்பெனிக்குக் கட்டும் பிரீமியம் எவ்வளவு இருந்தால் நியாயம்? குறைத்து வைத்தால் ஆஸ்பத்திரிக்குப் பணம் இழுபறியாகி, கடைசியில் நோயாளிதான் அலைவார். கூட்டி வைத்தால் வரிப்பணம் வீண். இதைக் கணக்கிட வருடக்கணக்கில் தேர்வெழுதித் தேற வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அரசு அலுவலகங்களில் குறைவு. அப்புறம், பிரீமியம் வாங்கப்போகும் கம்பெனியிடமே கணக்கையும் கேட்க முடியாதே!

கல்யாணச் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எத்தனை பத்திரிகை, என்ன கிழமை, வெளியூர்க்காரர்கள் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, இத்தனை இலை விழும் என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

உங்கள் கிளெய்மை நிராகரிப்பது ஆக்சுவரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். தனி நோயாளியின் கோப்பு இவர் மேசைக்கே வராது.