1923 பணவீக்கம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்ததா?

கேள்வி இதுதான்: முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் பணம் வெறும் காகிதமாகிப் போனதால்தானே மக்கள் வெறுத்துப்போய் ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டார்கள்?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் தள்ளுவண்டி நிறைய நோட்டு, அடுத்த பக்கத்தில் ஹிட்லர். பக்கத்தைத் திருப்புகிற வேகத்தில் நடுவிலிருந்த பத்து வருஷம் காணாமல் போய்விட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஹாம்பர்க்கில் ஒரு பழைய சாமான் சந்தையில் அந்தக் காலத்து நோட்டு ஒன்று வாங்கினேன், சில்லறைக் காசுக்குத்தான் கொடுத்தார்கள். 1922 டிசம்பர் தேதி போட்ட 1000 மார்க் நோட்டு. அதன் மேலேயே குறுக்காகச் சிவப்பு மையில் 100 கோடி மார்க் என்று மறுபடி அச்சடித்திருந்தார்கள். புது நோட்டு வடிவமைக்க நேரமில்லை, இருக்கிறதன் மேல் பெரிய எண்ணைக் குத்திவிட்டார்கள், அவ்வளவுதான். 1923 நவம்பரில் பெர்லினில் ஒரு ரொட்டி வாங்க அந்த 100 கோடி நோட்டில் சுமார் 200 வேண்டியிருந்தது.

போர்ச் செலவை வரி போட்டு ஈடுகட்டாமல் கடன் பத்திரம் விற்றுச் சமாளித்ததிலேயே பாதி வினை வந்துவிட்டது. மீதி 1923 ஜனவரியில் வந்தது. போரில் தோற்ற ஜெர்மனி கட்டவேண்டிய இழப்பீடு ஒழுங்காக வரவில்லை என்று பிரான்சும் பெல்ஜியமும் ரூர் நிலக்கரிப் பகுதிக்குள் படையோடு புகுந்தன, அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டு அடித்துத் தள்ளியது. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் அது 4.2 லட்சம் கோடி. அதே நவம்பரில் ரெண்டன்மார்க் என்ற புது நாணயம் வந்தது, 12 பூஜ்யத்தை வெட்டினார்கள், ஆச்சரியமாக அதன் மதிப்பு நிலைத்துவிட்டது.

ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்ததும் அதே மாதம்தான், 8, 9 தேதிகளில். பணவீக்கம் உச்சத்தில் இருந்த நேரம். என்ன ஆனது? ஒரே நாளில் பிசுபிசுத்துப்போய் ஜெயிலுக்குப் போனார். 1928 தேர்தலில் அவர் கட்சி வாங்கியது 2.6 சதவீதம், 12 இடம். தள்ளுவண்டி நோட்டுதான் காரணம் என்றால் இந்த 2.6-ஐ எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

ஆனால் பணவீக்கத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். கடன் வாங்கியவன் பிழைத்தான், சேமித்தவன் அழிந்தான். நாட்டுப்பற்றோடு போர்ப் பத்திரம் வாங்கிய நடுத்தரக் குடும்பம், வட்டியை நம்பியிருந்த விதவை, இவர்களுக்கெல்லாம் பின்னால் கொஞ்சம் ஈடு கொடுத்தார்கள், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இவர்கள் நேரே ஹிட்லரிடம் போகவில்லை. தாங்கள் ஓட்டுப் போட்டுவந்த மிதவாதக் கட்சிகளை விட்டுச் சின்னச் சின்னக் கட்சிகளுக்குச் சிதறினார்கள். 1930-இல் அந்தச் சிதறல் அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

உண்மையில் கதை மாறியது பணம் பெருகியபோது இல்லை, பணம் வற்றியபோது. இருபதுகளின் பிற்பாதியில் ஜெர்மனி ஓடியது அமெரிக்கக் கடனில், அதுவும் பெரும்பகுதி குறுகிய காலக் கடன். 1929-க்கு அப்புறம் கடன் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 1930 மார்ச்சில் பிரதமரான புரூனிங் பார்த்த வைத்தியம் சிக்கனம்: அரசு ஊழியர் சம்பளம் வெட்டு, வரி ஏற்றம், உதவித்தொகைக் குறைப்பு. நாடாளுமன்றம் மறுத்தால் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணை. 1931 ஜூலை 13 அன்று பெரிய வங்கிகளில் ஒன்றான டனாட் வங்கி கதவைத் திறக்கவில்லை. அதே வருஷம் டிசம்பரில் ஓர் ஆணை, கூலியை எல்லாம் 1927 ஜனவரியில் இருந்த அளவுக்குத் திருப்பிவிட்டது. புரூனிங்குக்கு ஒரு கணக்கு இருந்தது, எங்களால் கட்டவே முடியாது என்று காட்டினால் இழப்பீட்டிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று. கிடைத்தும் விட்டது, 1932 ஜூலையில், சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த மாநாட்டில். ஆனால் அவர் மே மாதமே பதவி இழந்திருந்தார், வேலையில்லாதவர்கள் 60 லட்சத்தைத் தொட்டிருந்தார்கள். நோட்டு அடித்துச் சமாளித்திருக்கலாமே என்றால், 1923-ஐப் பார்த்த ஊரில் யார் துணிந்து அதைச் சொல்வது? பழைய பயம் இங்கேதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

ஹிட்லர் கட்சியின் ஓட்டு வேலையின்மையோடு சேர்ந்தே ஏறியது. 1930 செப்டம்பரில் 18.3 சதவீதம், 107 இடம். 1932 ஜூலையில் 37.3, 230 இடம். இதில் பலர் தவறவிடுவது ஒன்று: வேலை போன ஆலைத் தொழிலாளி பெரும்பாலும் கம்யூனிஸ்ட் பக்கம்தான் போனான். ஹிட்லருக்கு அள்ளிக் கொடுத்தது புராட்டஸ்டன்ட் கிராமங்கள், விளைபொருள் விலை விழுந்து கடனில் பண்ணை ஏலத்துக்கு வந்த விவசாயிகள், கடைக்காரர்கள். வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் பாதிக்கு மேல் அவருக்கே. கத்தோலிக்கப் பகுதிகளில் அந்த அளவுக்கு எடுபடவில்லை, பசி அங்கேயும் இருந்தது.

அப்படியும் அவர் தேர்தலில் தனிப்பெரும்பான்மை பெற்று வரவில்லை. 1932 நவம்பரில் ஓட்டு 20 லட்சம் குறைந்து 33.1-க்கு இறங்கியது, கட்சிக் கஜானா காலி. தூக்கி உட்கார வைத்தது முன்னாள் பிரதமர் பாப்பனும் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்களும்தான். 1933 ஜனவரி 30 அன்று அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரைச் சேர்த்தே நாஜிகள் மூன்று பேர், மற்றவர்கள் அவரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஹிட்லருக்கு முன் பிரதமராக இருந்து பதவியிழந்த ஷ்லைஷரின் அரசு 50 கோடி மார்க்கில் ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. அந்தப் பணத்தைச் செலவழித்து நல்ல பெயர் வாங்கியது அடுத்து வந்தவர்.