கம்பெனி டெக்ஸாஸ் போகிறது, யூனியனுக்கு என்ன?

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன், யூனியன் உறுப்பினன். பங்குச் சந்தையில் இருக்கும் எங்கள் கம்பெனி, தன் பதிவை டெலவேரிலிருந்து டெக்ஸாஸுக்கு மாற்றப்போகிறதாம். 'அது வெறும் காகித வேலை, உங்களுக்கு ஒன்றும் ஆகாது' என்கிறார் சூப்பர்வைசர். நம்பலாமா?

பதில்: முக்கால்வாசி நம்பலாம். யூனியன் அமைப்பது, பேரம் பேசுவது, வேலைநிறுத்தம் எல்லாம் 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் இருக்கின்றன. அது நாடு முழுவதற்குமான சட்டம். கையெழுத்தான ஒப்பந்தமும் அப்படியே நிற்கும். ஓவர்டைமும் பழையபடிதான்.

மிச்சக் கால்வாசி உங்கள் பென்ஷனில் இருக்கிறது. பென்ஷன் நிதி கம்பெனிப் பங்குகளில் பணம் போடுகிறது, பங்குதாரருக்கு என்ன உரிமை என்பதைத் தீர்மானிப்பதோ கம்பெனி பதிவாகியிருக்கும் மாநிலத்தின் சட்டம். நான் பதினோரு வருடம் ஒரு யூனியன் பென்ஷன் நிதியில் கணக்கு எழுதியவன். பெரிய கம்பெனிகளில் எங்களுக்கு இருந்ததெல்லாம் துக்கடா பங்கு, அரை சதவிகிதம்கூடத் தேறாது. ஆனால் அந்தத் துக்கடாவை வைத்தே நீதிமன்றக் கதவைத் தட்டலாம். வால்மார்ட்டின் மெக்சிகோ லஞ்ச விவகாரத்தில் உள் ஆவணங்களைக் கேட்டு வழக்குப் போட்டது யார் தெரியுமா? இண்டியானா மின் தொழிலாளர்களின் பென்ஷன் நிதி! 2014-ல் டெலவேர் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

டெக்ஸாஸ் 2025-ல் கொண்டுவந்த திருத்தம் இங்கேதான் கை வைக்கிறது. ஒரு பங்குதாரர் இயக்குநர்கள் மேல் கம்பெனி சார்பாக வழக்குப் போட 3 சதவிகிதம் வரை பங்கு வேண்டும் என்று கம்பெனியே தன் துணைவிதியில் (உள்விதியில்) எழுதிக்கொள்ளலாம். ஆயிரம் கோடி டாலர் கம்பெனியில் அது 30 கோடி டாலர். எங்கள் நிதியின் மொத்தப் பணமே அவ்வளவு கிடையாது! டெலவேரும் லேசுப்பட்டதல்ல, அதே ஆண்டு மார்ச்சில், பங்குதாரர் கேட்டுப் பார்க்கக்கூடிய ஆவணங்களைச் சுருக்கிவிட்டது.

மாநிலக் கம்பெனிச் சட்டம் தொழிலாளிக்கு எதிரி என்றே நினைத்துவிடாதீர்கள். நியூயார்க்கில் பங்குச் சந்தைக்கு வராத கம்பெனி சம்பளத்தைக் கொடுக்காமல் விட்டால், முதல் பத்துப் பெரிய பங்குதாரர்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். விஸ்கான்சினிலும் இப்படி ஒரு விதி இருந்தது, 2006-ல் எடுத்துவிட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பங்குதாரர் ஓட்டு இல்லாமல் பதிவு மாறாது. உங்கள் பென்ஷன் நிதியை நிர்வகிக்கும் டிரஸ்டியைப் பிடித்து, அந்தக் கம்பெனியில் நமக்குப் பங்கு உண்டா, இருந்தால் நமக்காக ஓட்டுப் போடுவது யார் என்று கேளுங்கள். பல நிதிகளில் அந்த ஓட்டை முதலீட்டு மேலாளர்தான் போடுகிறார், அதுவும் யாரும் கேட்காததால்.