கணக்கு வேலைக்குப் பிறகும் கணக்கு விளையாட்டா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் என் மகன், வீடு திரும்பியதும் கேளிக்கைப் பூங்கா நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார்ந்துவிடுகிறார். அதிலும் வரவு, செலவு, கடன், சம்பளம்தான். பகலில் அலுக்கும் வேலை, இரவில் மட்டும் எப்படி இனிக்கிறது?

பதில்: பகல் முழுவதும் உழைத்தும், அந்த உழைப்பால் என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்க முடியாத நிலைதான் பலரை அதிகம் களைப்படையச் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்றில் இன்று எடுக்கும் முடிவின் பலன் பல மாதங்கள் கழித்து, வேறு பலருடைய முடிவுகளோடு கலந்து வந்து சேர்வதால், அதில் தன் பங்கு எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. தொழில் நடத்தும் வீடியோ கேம்கள் அந்த இடைவெளியைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிடுகின்றன.

கிறிஸ் சாயர் உருவாக்கி 1999-இல் வெளிவந்த ‘ரோலர்கோஸ்டர் டைகூன்’ விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். பூங்காவில் நடமாடும் எந்தப் பார்வையாளரை கிளிக் செய்தாலும் அவருடைய பசி, தாகம், கையிலிருக்கும் பணம், மனத்தில் ஓடும் எண்ணம் ஆகிய அனைத்தும் திரையில் வந்துவிடும். ஒரு சவாரிக்குக் கட்டணம் அதிகம் என்று பலர் முணுமுணுப்பது தெரிந்து, அதைச் சற்றுக் குறைத்தால், வெறிச்சோடிக் கிடந்த வாசலில் வரிசை சேரத் தொடங்குகிறது. தலைசுற்றும் சவாரியிலிருந்து இறங்குபவர்கள் நடைபாதையில் வாந்தி எடுக்கிறார்கள். அங்கே இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, ஒரு துப்புரவுப் பணியாளரையும் அமர்த்தினால், பாதை அழுக்காக இருக்கிறது என்ற புகார் குறைந்துபோகிறது. மழை தொடங்கியதும் குடையின் விலையை உயர்த்தலாம், அப்போதும் வாங்குவார்கள். தான் செய்ததற்கும் நடந்ததற்கும் உள்ள தொடர்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் அலுவலகம் எங்கும் இல்லை.

இந்த ஈர்ப்பு புதியதன்று. 1964-இலேயே அமெரிக்காவில் மேபல் அடிஸ் என்ற பள்ளி ஆசிரியை எழுதிய ‘சுமேரியன் கேம்’ விளையாட்டில், அறுவடையான தானியத்தில் மக்களுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்பதை மாணவர்களே அரசர் நிலையிலிருந்து முடிவு செய்தார்கள்.

கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஒரு கடனை அடைத்து முடிக்கும்போது புதிய சவாரி பாதி கட்டப்பட்டிருக்கும். அது முடியும்போது மாதக் கணக்கு வரும். இப்படி ஒன்றின் முடிவு இன்னொன்றின் நடுவில் விழுவதால், எழுந்து போவதற்கு இயல்பான இடம் அமைவதே இல்லை. ஆகவே உங்கள் மகன் தூக்கத்தை இழக்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள். இழக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: இப்படி விளையாடுபவர்களுக்கு உண்மையான தொழில் நடத்தும் திறமை வருமா?

பதில்: ஓரளவுக்கு வரும். லாபம் வரும் தொழிலிலும் கையில் ரொக்கம் தீர்ந்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதை விளையாட்டில் ஒருமுறை திவாலானவர் எளிதில் மறக்கமாட்டார். 1994-இல் வெளிவந்த ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’ என்ற, போக்குவரத்து நிறுவனம் நடத்தும் விளையாட்டு, தூரமும் பயண நாட்களும் சேர்ந்தே சரக்கின் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன என்பதையும், தாமதம் நிலக்கரியைவிடப் பயணிகள் வருமானத்தை வேகமாகக் குறைக்கும் என்பதையும் ஆடுபவருக்கு உணர்த்திவிடுகிறது. ஆனால் இவற்றில் வாடிக்கையாளரின் விருப்பம் ஓர் எண், ஊழியரும் ஓர் எண். மேலே சொன்ன பூங்காவில் எந்தப் பணியாளரும் சம்பள உயர்வு கேட்பதில்லை, வீட்டில் உடல்நலம் சரியில்லை என்று விடுப்பும் எடுப்பதில்லை. உயர்வும் விடுப்பும் கேட்கும் உண்மையான ஊழியர்களோடு பேசி இணங்கவைக்கும் வேலையை மனிதர்களிடையே இருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.