'சூப்பர்வைசர்' என்று எழுதிவிட்டால் தொழிலாளி இல்லையா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். மாதம் 21,500 ரூபாய் சம்பளம். போன மாதம் நோட்டீஸ் எதுவும் இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். 'நீ சூப்பர்வைசர், லேபர் ஆபீஸில் உன் மனுவை எடுக்கவே மாட்டார்கள்' என்கிறார் மேனேஜர். உண்மையா?

பதில்: இல்லை. வேலையிலிருந்து நிறுத்தியதற்கு எதிராக லேபர் ஆபீஸில் மனு கொடுக்க, சட்டப்படி நீங்கள் 'தொழிலாளி'யாக இருக்க வேண்டும். அதற்கு அடையாள அட்டையில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது பெரிதில்லை. நாள் முழுக்க என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, லீவு அனுமதிப்பது, தவறு செய்தவர்மேல் நடவடிக்கைக்கு எழுதுவது போன்ற அதிகாரம் இருந்தால் அது மேற்பார்வை. பீஸைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் பிசகு இருப்பதை ஒதுக்குவது சரக்கைப் பார்க்கிற வேலை. குஜராத்தின் ஆனந்த் எண்ணெய்வித்துக் கூட்டுறவு வழக்கில் (2006), தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவரைத் தொழிலாளி என்றே உச்ச நீதிமன்றம் ஏற்றது. பதவிப் பெயருக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் தர வேண்டாம் என்றும் சொன்னது.

அடுத்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, உண்மையிலேயே மேற்பார்வை செய்தவர்கூட, மாத ஊதியம் 18,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் தொழிலாளிதான். பழைய சட்டத்தில் இது 10,000. 'எனக்கு 21,500 ஆயிற்றே' என்று பதற வேண்டாம். சட்டம் சொல்லும் ஊதியத்தில் வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம் சேராது. சம்பளச் சீட்டில் வாடகைப்படி 3,000, பயணப்படி 1,500 என்று இருந்தால் உங்கள் ஊதியம் 17,000தான். இப்படிக் கழிப்பவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மட்டும், தாண்டிய தொகையைத் திரும்பச் சேர்ப்பார்கள். அதனால் சீட்டை எடுத்து வரிவரியாகப் பாருங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. 'கணக்கை முடித்துத் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடு' என்று நீட்டுவார்கள். பாதிப் பேர் அந்த இடத்தில்தான் வழக்கைத் தோற்கிறார்கள். அது பெரும்பாலும் நீங்களாகவே ராஜினாமா செய்ததாக எழுதிய தாள். படிக்காமல் போடாதீர்கள், வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். லேபர் ஆபீஸ் வாசலில் 'ஃபைலை நகர்த்தித் தருகிறேன், கிடைப்பதில் பங்கு கொடு' என்று வருகிற ஆளையும் அண்டவிடாதீர்கள். தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனு கொடுக்கக் கட்டணமே கிடையாது.

மனு கொடுத்தபின் நிர்வாகத் தரப்பு வராது, வாய்தா போடுவார்கள், மறுபடி வாய்தா. கூலியை இழந்தவன் எத்தனை நாள் பஸ் ஏறி வருவான் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் காத்துக் கிடக்க வேண்டாம். மனு கொடுத்து 45 நாள் கடந்ததும் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிறுத்திய தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

தொழிலாளி என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள்மேல்தான் விழும். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் 'இத்தனை பீஸ் செக் பண்ணு' என்று உங்களுக்கு வந்த உத்தரவுகள், உங்கள் லீவை வேறொருவர் அனுமதித்த பதிவு, சக தொழிலாளிகளின் பெயர்கள் எல்லாவற்றையும், உங்களைக் குழுவிலிருந்து நீக்குவதற்கு முன், இன்றே எடுத்து வையுங்கள்.